தாளாளர் சாடினார்

சுபா, சுனில், இரண்டு பேரும் இதை முழுக்கப் படிக்க வேண்டும். குரல் பதிவாக அனுப்பினால் சுனில் துபாயில் இருந்துகொண்டு இரட்டை வேகத்தில் ஓட விடுவான் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

சுபா, போன வாரம் நீ கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்து, சோறு ஆறிக் கிடக்க, போனில் எதையோ அழித்துக்கொண்டே இருந்தாய். என்னவென்று கேட்டேன். உன் ஆய்வைப் பற்றிக் கேட்டதைவிட உன் இன்ஸ்டாகிராமைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். இதை யாரெல்லாம் பார்க்கிறார்கள், இவ்வளவு படம் போட நேரம் எப்படிக் கிடைக்கிறது, கல்யாணம் ஆன பிறகும் தொடர்வாயா என்றெல்லாம். நான் லுங்கியோடு சக்கைப்பழம் சுமந்து நிற்கிற படத்தைக்கூட எடுத்துவிட்டாய்.

"அதுல நான் என்னட்டி தப்பு செய்தேன்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா. பொறத்தால நான் சிரிச்சிட்டு நிக்கேன்லா" என்றாய்.

பிறகு, "உங்க காலேஜுல இதெல்லாம் எப்படிப்பா?" என்று கேட்டாய். "என்னத்தச் சொல்ல" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். சொல்ல நிறைய இருந்தது. நின்றுகொண்டு சொல்கிற விஷயம் இல்லை.

என் உத்தியோகத்தின் பெயர் அலுவலக உதவியாளர். பியூன் என்றால்தான் ஊருக்கு விளங்கும். பத்தாம் வகுப்போடு நான் சேர்ந்தபோது கையில் கொடுத்தது மணி அடிக்கிற சுத்தியலும் சாவிக்கொத்தும். இரண்டையும் பழகச் சில நாள் போதும். ஓய்வுபெற்ற காலத்தில் என் கையில் இருந்தது முதல்வருடைய போன். அதைப் பழகத்தான் உயிர் போய்விட்டது.

என் காலத்துக் கடைசி முதல்வர் இந்த மாவட்டத்துக்காரர் அல்லர். வடக்கே எங்கோ பெரிய ஊரிலிருந்து வந்தவர். மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. பத்திரிகையில் அச்சடித்த மாதிரிதான் பேசுவார். டீ வேண்டுமென்றால் "தேநீர் அருந்தலாமே" என்பார். நம்முடைய பேச்சு அவருக்குப் பாதிதான் பிடிபடும். நான் "பைய வாருங்கோ" என்று படிக்கட்டில் மெதுவாக வரச் சொன்னால், பையை எடுத்து வரச் சொல்கிறேன் என்று நினைத்துத் திரும்பிப் போய்ப் பையோடு வருவார்.

அவருக்கு ஒரே பலவீனம் பொன்னாடைப் படம். அதற்கு ஒரு முறை உண்டு. போர்த்துகிறவரின் கை தோளில் இருக்கும்போதே இருவரும் படம் எடுக்கிற என்னைப் பார்க்க வேண்டும். வாங்குகிறவர் பணிவாகக் குனிய வேண்டும். ஆனால் வழுக்கை தெரிகிற அளவுக்குக் குனியக் கூடாது. கால் படத்தில் வரக் கூடாது, செருப்பு மரியாதைக் குறைவு. சரியாக விழவில்லை என்றால் பொன்னாடையைக் கழற்றி, மடித்து, வந்தவர் கையில் திரும்பக் கொடுத்து மறுபடியும் போர்த்தச் சொல்வார். ஒருமுறை விருந்தாளி ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டார். கணக்காளரிடம் போனைக் கொடுத்துவிட்டு நானே போர்த்தினேன். படத்தில் என் கை மட்டும் வந்தது. "கல்விச் செம்மலின் கரங்களால் கௌரவம்" என்று எழுதி முகநூலில் போட்டார். நூற்றுக்கணக்கில் வாழ்த்து வந்தது. என் கை அவ்வளவு பாராட்டு வாங்கியது அன்றைக்குத்தான்.

இப்படி ஆண்கள் போடுகிற படத்துக்கெல்லாம் கல்லூரியில் ஒரு பெயர் இருந்தது: சமூகத் தொடர்பு. அதற்கு மதிப்பெண் உண்டு, பதவி உயர்வுக் கோப்பில் ஏறும். பெண்கள் போட்டால் அதற்கு வேறு பெயர்: விளம்பர மோகம். இரவு பதினோரு மணிக்கு ஆண் ஆசிரியர் ஆன்லைனில் இருந்தால் உழைக்கிறார். ஆசிரியை இருந்தால், "அவங்க வீட்டுல கேக்க ஆளில்லையா?"

ஊழியர்களின் வாட்ஸப் குழுவில் தாளாளர் தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூ போடுவார். தாளாளர் என்றால் கல்லூரியை நடத்துகிற குழுவின் தலைவர், ரப்பர் தோட்டக்காரர், எழுபது தாண்டியவர். அந்த ரோஜாவுக்கு எல்லோரும் கும்பிடு போட வேண்டும். கணிதத் துறைப் பெண் ஒருவர் கை தவறி இதயம் போட்டுவிட்டார். விளக்கம் கேட்டு, எழுதி வாங்கி, வீட்டுக்காரரையும் போனில் அழைத்து விசாரித்தார்கள். அதே ரோஜாவுக்கு அதே காலையில் இதயம் போட்ட ஆண்கள் பலர் உண்டு. அது விசுவாசம்.

அதனால் ஆசிரியைகள் வாட்ஸப் படமாகத் தங்கள் முகத்தை வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். செம்பருத்தி, மாதா, பிள்ளையார், குழந்தை, சூரிய உதயம். அழைப்பு வந்தால் யாரென்று எனக்கே தெரியாது. "சார், செம்பருத்தி டீச்சர் லீவு கேக்காவ" என்று முதல்வரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தன் முகத்தையே வைத்திருந்த ஒரே ஆசிரியை ஜெனோவா. விலங்கியல் துறை உதவிப் பேராசிரியர், முட்டத்துக்காரப் பெண், கடலில் போகிறவரின் மகள். முகநூலில் அந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கம் இருந்தது. நண்டு, சிப்பி, சொறிமீன், கரையில் எது கிடந்தாலும் கையிலெடுத்து, நம்ம பேச்சிலேயே கதை சொல்லும். "இந்தச் சவத்துக்குக் கண்ணு ரெண்டும் கம்புல இருக்கு பாத்தியளா, பரீட்சை ஹாலுல நிக்க சார்மாரு மாதிரி" என்று ஒரு நண்டைக் காட்டிச் சொன்னது ஊரெல்லாம் ஓடியது. சேர்க்கைக் காலத்தில் மணவாளக்குறிச்சியிலிருந்தும் குளச்சலிலிருந்தும் தாய்மார் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் கேட்பார்கள்: "நண்டு டீச்சர் இருக்காவளா?" அந்தத் துறையில் இடம் நிரம்பியது அதற்குப் பிறகுதான். அது யாருடைய கோப்பிலும் ஏறவில்லை.

ஜெனோவாவுக்குத் தகுதிகாண் காலம் முடிகிற சமயம். தாளாளர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் கல்வியாண்டு முடிந்ததும் வெளியே. நடுவில் வழி கிடையாது.

அப்போதுதான் கடற்கரை சுத்தம் செய்யும் நிகழ்ச்சி வந்தது. தாளாளர் வெள்ளை வேட்டியில் வந்தார். கரைக்குப் போகிற வழியில் ஒரு சிற்றோடை. பலகை போட ஆள் ஓடியது. தாளாளர் பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார், ஒரு கையை உயர்த்தினார், ஒரே சாட்டம். அந்தப் பக்கம் போய் நின்றார். மாணவிகள் கைதட்டினார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஜெனோவா அந்தச் சாட்டத்தைப் படம் எடுத்து, இப்படி எழுதிப் போட்டது:

"மாணவிகள் முன்னால் நம்ம தாளாளர் சாடினார்! இந்த வயசில் இப்படிச் சாட யாரால் முடியும்?"

சுனில், உன் பெண்டாட்டி சேலத்துக்காரி என்பதால் அவளுக்காகச் சொல்கிறேன். நமக்குச் சாடுவது என்றால் தாண்டிக் குதிப்பது. ஆடு மதில் சாடும், பிள்ளைகள் குளத்தில் சாடும். மற்ற ஊர்க்காரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் சாடுவது என்றால் கண்டபடி திட்டுவது. இனி அவளே மீதியை ஊகித்திருப்பாள்.

விலங்கியல் துறைத் தலைவர் ராஜமணி சார், நம்ம பக்கத்துப் புதுக்கடை ஊர்க்காரர். இந்தப் பதிவைப் போனில் படம் பிடித்து முதல்வருக்கு அனுப்பினார். அனுப்பும்போது, செருப்பு வரக் கூடாது என்கிற பழக்கத்தில், படத்தில் கால் இருந்த பகுதியை வெட்டிவிட்டார். காலோடு ஓடையும் போய்விட்டது. மிச்சம் இருந்தது வாயைத் திறந்து, கண்ணை விரித்து, கையை ஓங்கிய ஒரு கிழவர். பக்கத்தில் பயந்ததுபோல் வாயில் கை வைத்த மாணவிகள். அடியில் அந்த வாக்கியம்.

மறுநாள் முதல்வர் அறையில் விசாரணை. முதல்வர், ராஜமணி சார், நம்ம ஊர்க்காரப் பேராசிரியர்கள் இரண்டு பேர், எதிரே ஜெனோவா. நான் டீ கொண்டு போனேன்.

"தாளாளர் மாணவியரைச் சாடினார் என்று பொதுவெளியில் எழுதியிருக்கிறீர்கள். வயதையும் இழித்திருக்கிறீர்கள்" என்றார் முதல்வர்.

"சார், சாடினாருண்ணா சாடினாரு. ஓடைய சாடினாரு. அங்கோட்டுச் சாடினாரு."

"ஓடையை எதற்காகச் சாட வேண்டும்? அது என்ன செய்தது?"

ஜெனோவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "தாண்டினாரு சார். எங்க ஊருல அதுக்குச் சாடுகதுண்ணு சொல்லுவோம். இங்க எல்லாருக்கும் தெரியும். கேளுங்க" என்றது.

முதல்வர் மற்றவர்களைப் பார்த்தார். மக்களே, இந்த இடத்தை நான் எப்படி எழுதுவேன்! மூன்று பேரும் பிறந்ததிலிருந்து சாடிக்கொண்டிருப்பவர்கள். அதில் ஒருவர் சின்ன வயதில் எங்கள் தோட்டத்து மதில் சாடி மாங்காய் பறித்தவர். மூன்று பேரும் டீயைப் பார்த்தார்கள். நாட்டுப்புறத்துச் சொல்லைத் தெரியும் என்று ஒப்புக்கொண்டால், முனைவர் பட்டம் ஒரு படி இறங்கிவிடும் போலிருக்கிறது.

"அப்படி ஒரு வழக்கு இருப்பதாக நான் அறியவில்லை" என்றார் ராஜமணி சார், முதல்வரின் குரலிலேயே.

"சார்! போன மாசம் உங்க பசு கயறு அறுத்து மதில் சாடிற்றுண்ணு லீவு கேட்டியளே!"

"பசு... மதிலைக் கடந்தது" என்றார் ராஜமணி சார்.

முதல்வர் போனில் அந்தச் சொல்லைத் தேடினார். முதலில் வந்த பொருளைச் சத்தமாகப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். ஆராய்ச்சி முடிந்தது.

பிறகு அவர் தீர்ப்புச் சொன்னார். ஜெனோவா ஒரு திருத்தம் போட வேண்டும். போட்டால் நிரந்தரக் கோப்பு தாளாளரிடம் போகும். இல்லாவிட்டால் இந்த மேசையிலேயே இருக்கும். திருத்தத்தை அவரே சொல்லி எழுத வைத்தார்: "நமது தாளாளர் சாடவில்லை. தவறான பதிவுக்கு வருந்துகிறேன்."

ஜெனோவா அதை இரண்டு முறை படித்தது. முகத்தில் இருந்த கோபம் மெல்ல வேறு எதுவாகவோ மாறியது.

"இப்பிடியே போடட்டா சார்? ஒரு எழுத்தும் மாத்தாண்டாமா?"

"ஓர் எழுத்தும் மாற்றக் கூடாது."

"செரி சார். நீங்க சொன்னா செரிதான்."

என்னைத் தாண்டி வெளியே போகும்போது, "அண்ணே, நாளைக்குக் காலையில லீவு எடுத்துராதியோ" என்று மட்டும் சொன்னது.

திருத்தம் ஏறிய கொஞ்ச நேரத்தில் கேள்விகள் வரத் தொடங்கின. "சாடேல்லியா? அப்போ விழுந்தாரா?" "ஓடைக்குள்ளயா?" "யாரு தூக்கினா?" "வேட்டி?" ஒருவர் எலும்பு வைத்தியர் முகவரியை எழுதியிருந்தார். முட்டம் சந்தையில் மீன் வாங்கப் போன உங்கள் அம்மாவிடமே ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "உங்க காலேஜுப் பெரியவருக்கு இடுப்பு போயிற்றாமே?" குவைத்திலிருக்கும் தாளாளரின் மகன் விமானச் சீட்டு பார்க்கத் தொடங்கிவிட்டான். தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிறவர்கள் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்களாம்.

மறுநாள் காலையில் தாளாளரின் கார் வந்த வேகத்தில், வாசலில் கிடந்த நாய் எழுந்து ஓடியது. ராஜமணி சார் ஏற்கெனவே முதல்வர் அறையில் இருந்தார். நான் கதவைத் திறந்து பிடித்தேன்.

"எவன்லே சொன்னது நான் சாடேல்லண்ணு?"

முதல்வர் எழுந்து நின்றார். "ஐயா, கவலை வேண்டாம். தாங்கள் சாடவில்லை என்று உலகத்துக்கே தெளிவுபடுத்திவிட்டோம்."

"நான் சாடினேம்வே!"

"ஐயா, கோபத்தில் சாடியிருந்தாலும் அதை நாமே ஒப்புக்கொள்வது..."

"கோவத்துல எவன் சாடுவான்? சந்தோசத்துல சாடினேன்! அத்தன பிள்ளியளும் பாத்துது!"

"சந்தோஷமாக மாணவியரைச் சாடினீர்களா?" முதல்வர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கப்பா," என்று தாளாளர் என் பக்கம் திரும்பினார், "இந்த சாரு என்னவாக்கும் சொல்லுகாரு?"

நான் வாய் திறப்பதற்குள் ராஜமணி சாருக்குத் தாய்மொழி திரும்பி வந்துவிட்டது. "அய்யா சாடினிய! அம்சமாட்டுச் சாடினிய! நான் அப்பவே சாரிட்ட சொன்னேன், நம்ம பக்கம் சாடுகதுண்ணா தாண்டுகதாக்கும்ணு!" என்றார். முதல்வர் அவரைப் பார்த்த பார்வைக்கு இன்றுவரை எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

ஜெனோவாவை அழைத்தார்கள். தாளாளர் முழுப் படத்தையும் போனில் பார்த்தார். ஓடை, கால், செருப்பு எல்லாம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். "கொள்ளாம், நல்லாருக்கு" என்றார். கோப்பைக் கேட்டார். முதல்வர் பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போடுகிற நேரத்தில் தாளாளர் நிமிர்ந்து அன்பாகத்தான் சொன்னார்:

"பிள்ளே, நீ நல்லாத்தான் எழுதுக. ஆனா பொம்பளப்பிள்ளைக்கு இந்தப் பேஸ்புக்கு என்னத்துக்கு? படிப்பிச்சாப் போருமே. அந்தப் பக்கத்த காலேஜுக்குக் குடுத்துரு. இவிய பாத்துக்கிடுவாவ."

இவிய என்றால் ராஜமணி சார்.

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. ஜெனோவா என்ன நினைத்தது என்று எனக்குத் தெரியாது. நேற்று அவர்களை ஜெயித்த பிள்ளை அது. இன்றைக்கு அவர்கள் யாருமே தோற்றிருக்கவில்லை.

"வேல வேணும் அய்யா" என்றது. "பக்கத்த எடுத்துக்கிடுங்க."

கையெழுத்து விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் படம் எடுத்தேன்.

அதன் பிறகு அந்தப் பக்கத்தில் நண்டு வரவில்லை. காலையில் ரோஜா வந்தது, மதியம் பொன்னாடை வந்தது. சிப்பி பார்க்க வந்த சனம் ராஜமணி சாரின் வழுக்கையைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டது. முதல்வர் அதை ஆய்வுக் கூட்டத்தில் எடுத்துப் பேசினார்: "பாருங்கள், முறைப்படுத்தியவுடன் தேவையற்ற கூட்டம் குறைந்துவிட்டது." ஜெனோவாவின் முகம் இருந்த இடத்தில் ஒரு தாமரை வந்தது. பழைய நண்டுப் படங்கள் எல்லாம் துறையின் சமூகத் தொடர்பு என்று கோப்பில் ஏறின. அந்த மதிப்பெண்ணில் ராஜமணி சார் இணைப் பேராசிரியர் ஆனார். பொன்னாடை போர்த்தியபோது கை தோளில் இருக்கையிலேயே இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். குறை சொல்ல முடியாத படம்.

சுபா, எடுத்த படங்களைத் திரும்பப் போடு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்த நாற்காலிகளில் இருப்பவர்களை நான் நெடுங்காலம் டீ கொடுத்துப் பார்த்திருக்கிறேன். உனக்கும் வேலை வேண்டும். நீ அழிப்பதையும் நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் உன் ஆய்வை, உன் எழுத்தை, "துறைக்காக", "குழுவுக்காக" என்று யாராவது அன்பாகக் கேட்டால், கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் செய். நான் ஒன்றும் பெரிய யோசனை சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் உன்னைப் பேச வைப்பேன், அவ்வளவுதான்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தின மாதம் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. நுழைவாயிலில் பெரிய பலகை ஒன்று வைத்து, நண்டும் சிப்பியும் சொறிமீனுமாக அந்தப் படங்களை எல்லாம் அச்சடித்து என்னை ஒட்டச் சொன்னார்கள். ஓடை சாடுகிற தாளாளரும் நடுவில் இருந்தார், செருப்போடு. மேலே கொட்டை எழுத்தில், "ஒருங்கிணைப்பு: முனைவர் ராஜமணி". படங்களின் அடியில் ஒன்றும் இல்லை. ஒட்டி முடித்தபோது எல்லோரும் வரவேற்பு ஒத்திகைக்கு அரங்கத்துக்குப் போய்விட்டார்கள். விடைத்தாள் கட்டுகளில் எண் எழுதுகிற கறுப்பு மைப் பேனா என் சட்டைப் பையில் இருந்தது. ஒவ்வொரு படத்தின் அடியிலும், கோணாமல், "படமும் எழுத்தும்: முனைவர் ஜெனோவா, விலங்கியல்" என்று எழுதினேன். கடைசிப் படத்துக்குக் குனிய வேண்டியிருந்தது, முழங்காலிட்டு எழுதினேன். பிறகு காலிக் கோப்பு அட்டை ஒன்றை எடுத்து, மை காய்கிறவரை விசிறிக்கொண்டு நின்றேன்.